மஞ்சள் மூட்டையும் எக்ஸ்ரே கருவியும்

வணிகர் கல்விப் பகுதி: கருவியின் அமைப்புகளை வைக்கும் முறை, பதியும் முறை

மஞ்சள் இல்லாத மளிகைக் கடை கிடையாது. நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் வாங்கித் திரும்புகிறவர், வழியில் உள்ள கடையில் நின்று கேட்பது மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும்தான். மீனைக் கழுவ மஞ்சள், குழம்புக்கு மஞ்சள், குழந்தைக்கு இருமல் என்றால் பாலிலும் மஞ்சள். வாங்குகிறவர் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார். நாமும் மண்டியில் நிறத்தைப் பார்த்துத்தான் கொள்முதல் செய்கிறோம். அந்த நிறத்துக்குள் ஈயம் ஒளிந்திருக்கக்கூடும். அதை ஓரிரு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே கருவியும் சந்தைக்கு வந்துவிட்டது.

கருவி சொல்லும் எண்ணை வைத்து ஒரு மூட்டை விற்பனைக்குப் போகும்; இன்னொரு மூட்டை நிறுத்தி வைக்கப்படும். எண் தவறினால் நஞ்சு கலந்த சரக்கு வீடுகளுக்குப் போய்ச் சேரும், அல்லது நேர்மையான வியாபாரியின் பெயர் கெடும். எண் சரியாக வருமா என்பது கருவிக்குள் வைத்துப் பதியப்பட்ட அமைப்புகளைப் பொறுத்தது. அந்த அமைப்புகளைப் பற்றி வணிகர் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும் இங்கே பார்ப்போம்.

1. ஈயம் எப்படி வருகிறது?

விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் வேகவைத்து, காயவைத்து, மெருகு போடப்பட்டு மண்டிக்கு வருகின்றன. மழையில் நனைந்து மங்கிய சரக்கையும், பூச்சி அரித்த சரக்கையும் நல்ல விலைக்குத் தள்ள நினைக்கும் சிலர், மெருகு போடும்போது லெட் குரோமேட் என்னும் மஞ்சள் சாயப் பொடியைத் தூவுகிறார்கள். இது பெயிண்ட்டுக்குப் போடும் பொடி. இதன் எடையில் ஏறத்தாழ 64 சதவீதம் ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை உடலுக்குத் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மஞ்சளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. லெட் குரோமேட் சிறிதும் இருக்கக்கூடாது. இதை வியாபாரக் கணக்கில் பாருங்கள். ஒரு குவிண்டால் மஞ்சளில் 1 கிராம் ஈயம் இருந்தால் வரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதற்கு ஒன்றரை கிராம் சாயப் பொடி போதும். கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாத அளவு இது.

2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 356 மஞ்சள் மாதிரிகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். 2024-இல் வெளியான அதன் முடிவுப்படி, 14 சதவீத மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் கிடைத்த சிலவற்றில் 1000 மைக்ரோகிராமுக்கும் மேல். நம் வரம்பைப்போல் அது நூறு மடங்கு.

இந்தக் கேட்டைத் துடைத்தெறிய முடியும் என்று காட்டிய நாடு வங்காள தேசம். அங்கே 2019-இல் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியோடு மொத்தச் சந்தைக்கே வந்து சரக்கைச் சோதித்தார்கள். குற்றம் செய்த மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்து, அதை ஊரறியச் செய்தார்கள். 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் காணப்பட்டது. 2021-இல் ஒன்றில்கூடக் காணப்படவில்லை. கருவி நேர்மையாக இயங்கினால் சந்தையே திருந்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2. கருவி வேலை செய்யும் விதம்

இந்தக் கருவி நமக்கு முற்றிலும் புதியதல்ல. தியாகராய நகர் நகைக்கடைகளில் பழைய நகையை ஒரு பெட்டிக்குள் வைத்துத் தங்கத்தின் தரத்தைத் திரையில் காட்டுகிறார்களே, அதுவும் இதே இனம். ஹால்மார்க் மையங்களிலும் முதல் கட்டச் சோதனை இந்த எக்ஸ்ரே முறையில்தான். ஆனால் தங்கத்தின் தரத்தை இறுதியாக உறுதி செய்வது நெருப்பில் புடம் போடும் முறை. எக்ஸ்ரே முதலில் சொல்லும், புடம் முடிவு சொல்லும். இந்த வரிசையை மனத்தில் வையுங்கள். மஞ்சளுக்கும் இதுவே பொருந்தும்.

கருவியிலிருந்து புறப்படும் எக்ஸ்ரே கதிர் பொருளின்மீது பட்டதும், பொருளில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிரைத் திருப்பி அனுப்பும். ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1913-இல் இந்த ஆற்றல்களுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டறிந்தார். இந்த ஆற்றலைக் கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பார்கள். நாம் சுருக்கமாக ‘கிலோ’ என்றே சொல்வோம். குரோமியத்துக்கு 5.41 கிலோ, இரும்புக்கு 6.40, தாமிரத்துக்கு 8.05, தங்கத்துக்கு 9.71, பாதரசத்துக்கு 9.99, ஈயத்துக்கு 10.55. ஈயத்துக்கு 12.61-இல் இரண்டாவது கையொப்பமும் உண்டு.

திரும்பி வரும் கதிரை டிடெக்டர் என்னும் சிலிக்கான் சில்லு பிடித்துச் சிறு மின் துடிப்பாக மாற்றுகிறது. துடிப்பின் உயரம் கதிரின் ஆற்றலைச் சொல்லும். அந்த உயரத்தை அளந்து, வகை பிரித்து, எண்ணி வைப்பது டிஜிட்டல் பிராசசரின் வேலை. கடையில் வரும் நாணயங்களை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு எண்ணுகிறோம் அல்லவா? பிராசசருக்கு இரண்டாயிரம் கிண்ணங்கள் இருக்கும். அவற்றுக்குச் சேனல் என்று பெயர். எந்தச் சேனலில் எத்தனை துடிப்பு விழுந்தது என்று வரையப்படும் மலைமுகடு போன்ற படமே நிறமாலை. ஈயத்தின் இடத்தில் முகடு எழும்பினால் ஈயம் இருக்கிறது. முகடு எவ்வளவு பெரியதோ ஈயமும் அவ்வளவு.

ஆகவே, ஐந்து ரூபாய்க் கிண்ணம் இருந்த இடத்தில் இரண்டு ரூபாய்க் கிண்ணத்தை யாராவது மாற்றி வைத்துவிட்டால் எண்ணிக்கை முழுவதும் பிழையாகும். கிண்ணங்களை இடம் மாறாமல் வைப்பதுதான் அமைப்பு வைத்தல். அந்த இடத்தை மறக்காமல் வைத்துக்கொள்வது பதிதல்.

3. வைக்க வேண்டிய ஆறு அமைப்புகள்

கீழ்க்காணும் வரிசையிலேயே வைக்க வேண்டும். பின்னால் வருவது முன்னால் வைத்ததைச் சார்ந்தது.

(1) சேனல் எண்ணிக்கை: 2048 சேனல், ஒவ்வொன்றும் 20 எலெக்ட்ரான் வோல்ட் அகலம் என்று வைத்தால் சுமார் 41 கிலோ வரை அளக்கலாம். ஈயத்துக்கும் குரோமியத்துக்கும் இது தாராளம்.

(2) பீக்கிங் நேரம்: எலெக்ட்ரானிக் தராசில் பொருளை வைத்ததும் எண் ஆடி ஆடித்தான் நிற்கும். நிற்கும்வரை பொறுத்தால் எடை சரியாக இருக்கும், ஆனால் வரிசையில் நிற்பவர் காத்திருக்க வேண்டும். பிராசசரும் அப்படியே. ஒவ்வொரு துடிப்பையும் அளக்க எத்தனை மைக்ரோ வினாடி எடுத்துக்கொள்வது என்பதே பீக்கிங் நேரம். நீளமாக வைத்தால் முகடுகள் ஒல்லியாக, தனித்தனியாகத் தெரியும். எண்ணும் வேகம் குறையும். குறைவாக வைத்தால் வேகம் கூடும்; முகடுகள் பருத்து ஒன்றன்மேல் ஒன்று சாயும்.

இதனோடு பைல்-அப் நீக்கம் என்ற அமைப்பையும் இயக்கி வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தட்டில் பொருளை வைத்தால் தராசு இரண்டையும் சேர்த்து ஒரே எடையாகக் காட்டும். இரண்டு கதிர்கள் ஒரே நொடித்துளியில் வந்தால் பிராசசரும் கூட்டித்தான் காட்டும். மஞ்சளில் இயல்பாகவே பொட்டாசியம் நிறைய உண்டு, இரும்பும் உண்டு. பொட்டாசியத்தின் 3.31-ஐயும் இரும்பின் 6.40-ஐயும் கூட்டுங்கள்: 9.71. அது தங்கத்தின் இடம்! மஞ்சள் மூட்டையில் தங்கம் இருப்பதாகக் கருவி சொன்னால் மகிழ வேண்டாம், பைல்-அப் அமைப்பைப் பாருங்கள்.

(3) கெயின்: துடிப்பை எத்தனை மடங்கு பெருக்குவது என்பது. தராசில் 5 கிலோ படிக்கல்லை வைத்து 5.000 வரும்படி சரிசெய்வது போன்றது. கெயின் மாறினால் எல்லா முகடுகளும் ஒரே பக்கமாக நகரும். ஆறு அமைப்புகளிலும் அதிக ஆபத்தானது இதுதான்.

(4) த்ரெஷோல்ட்: எதற்குக் கீழே வரும் துடிப்பை எண்ணாமல் விடுவது என்ற எல்லை. தட்டில் ஒன்றும் இல்லாதபோது மின்விசிறிக் காற்றுக்குத் தராசு 2 கிராம், 3 கிராம் காட்டினால் அது எடையல்ல. கதிரை நிறுத்திவிட்டு, வெறும் மின் இரைச்சல் எண்ணப்படாத அளவுக்குச் சிறிது சிறிதாக எல்லையை உயர்த்த வேண்டும். இரைச்சல் நின்றதும் ஒரு சிறு இடைவெளி விட்டு நிறுத்திவிட வேண்டும். தேவைக்கு மேல் உயர்த்தினால் குறைந்த ஆற்றல் தனிமங்கள் கணக்கிலிருந்து விடுபடும்.

(5) ஆற்றல் அளவுகோல்: எந்தச் சேனல் எத்தனை கிலோ என்று கருவிக்குச் சொல்லித்தருவது. நன்கு தெரிந்த இரண்டு உலோகத் துண்டுகள் வேண்டும். தாமிரத்தை வைத்தால் முகடு 402-ஆம் சேனலில் வருகிறது, அது 8.05 கிலோ. மாலிப்டினத்தை வைத்தால் 874-இல் வருகிறது, அது 17.48 கிலோ. 472 சேனலுக்கு 9.43 கிலோ என்றால் ஒரு சேனலுக்கு 0.02 கிலோ, அதாவது 20 எலெக்ட்ரான் வோல்ட். இனி ஈயம் எங்கே வரும்? 10.55-ஐ 0.02-ஆல் வகுத்தால் 527, 528-க்கு நடுவில். நாம் மனக்கணக்கில் போடும் விலைக் கணக்கைவிட இது கடினமில்லை.

(6) எண்ணும் நேரம்: எண்ணிக்கை கூடக் கூட நிச்சயம் கூடும். 100 துடிப்பு எண்ணினால் பிழை சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10,000 எண்ணினால் பிழை 100, அதாவது 1 சதவீதம். நேரத்தை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும். 10 மில்லிகிராம் வரம்பை ஒட்டி நிற்கும் சரக்கை 30 வினாடியில் தீர்ப்பது நியாயமில்லை. 120 வினாடியாவது எண்ண வேண்டும். அந்த நேரமும் ‘உயிர் நேரம்’ என்ற கணக்கில் இருக்க வேண்டும். கருவி ஒரு துடிப்பை அளக்கும்போது அடுத்த துடிப்பைக் கவனிக்க முடியாது. அந்த இழப்பு 30 சதவீதம் என்றால் கடிகாரத்தில் 60 வினாடி ஓடினாலும் உண்மையில் எண்ணியது 42 வினாடிதான்.

4. பதிதல்: சிட்டையும் பேரேடும்

அமைப்பு வைப்பதில் வரும் தவறுகளைவிட, வைத்ததைப் பதியாமல் விடுவதால் வரும் தவறுகள் கூடுதல் கேடு செய்யும். காரணம், பதியாத அமைப்பும் அன்று முழுவதும் சரியாகவே வேலை செய்யும். அடுத்த நாள்தான் வினை.

நம் கணக்கில் சிட்டை உண்டு, பேரேடு உண்டு. சிட்டையில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றினால்தான் கணக்கு நிற்கும். பிராசசருக்குள்ளும் இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்று ஓடும் நினைவகம், இது சிட்டை. மின்சாரம் போனால் அழிந்துவிடும். மற்றொன்று நிலை நினைவகம், இது பேரேடு. மின்சாரம் போனாலும் அழியாது. ‘செயல்படுத்து’ என்ற கட்டளை பெரும்பாலும் சிட்டையில் எழுதுவதோடு சரி. ‘சேமி’ என்ற கட்டளையைத் தனியாகக் கொடுத்தால்தான் பேரேட்டில் ஏறும். கொடுக்காமல் விட்டால், அடுத்த முறை இயக்கும்போது கருவி பழைய பதிவையோ கம்பெனி வைத்துத் தந்த பொது அமைப்பையோ எடுத்துக்கொள்ளும். திரையில் வழக்கம்போல் எண்கள் வரும். எதுவும் மாறியதாக வெளியில் தெரியாது.

பதியும்போது கடைப்பிடிக்க வேண்டியவை:

அ) முழுத் தொகுதியாகப் பதியுங்கள். பீக்கிங் நேரத்தை மாற்றினால் முகடுகளின் இடம் சிறிது நகரலாம். த்ரெஷோல்டும் மாற வேண்டியிருக்கும். எனவே ஒன்றை மட்டும் மாற்றிப் பதிவது புதிய படிக்கல்லையும் பழைய தராசையும் கலப்பது போலாகும். ஆறு அமைப்புகளும் ஒரே பெயரில் ஒன்றாக இருக்கட்டும்.

ஆ) பெயரில் பொருளும் நாளும் இருக்க வேண்டும். ‘டெஸ்ட் 1’, ‘புதுசு’ என்று பெயர் வைத்தால் ஒரு மாதம் கழித்து யாருக்கும் விளங்காது. ‘மஞ்சள் தூள், ஈயம், 120 வினாடி’ என்று எழுதி, பக்கத்தில் தேதியும் இருந்தால் எவரும் புரிந்துகொள்வார்கள்.

இ) கம்பெனி அமைப்பின்மேல் எழுதாதீர்கள். அது மூலப் பத்திரம். அதைத் தொடாமல் வைத்துவிட்டு வேறு பெயரில் பதியுங்கள்.

ஈ) நகல் எடுங்கள். கருவிக்குள் ஒன்று, வெளியே கணினியில் ஒன்று, காகிதத்தில் அச்சிட்டுக் கோப்பில் ஒன்று.

உ) பதிந்ததும் சோதியுங்கள். கருவியை முழுவதும் அணைத்துச் சில நிமிடம் கழித்து இயக்கி, பதிந்த பெயரை அழைத்து, ஈய அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியை வைத்துப் பாருங்கள். முன்பு வந்த எண்ணே பிழை எல்லைக்குள் வந்தால் பதிவு ஏறிவிட்டது. வராவிட்டால் ஏறவில்லை. இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களே அதிகம்.

ஊ) பூட்டுங்கள். தராசுக்குத் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகள் ஆண்டுதோறும் முத்திரை போடுவது, பிறகு யாரும் உள்ளே கை வைக்கக்கூடாது என்பதற்காக. அதுபோல் அமைப்பை மாற்றும் பக்கத்துக்குக் கடவுச்சொல் வையுங்கள். அது இருவருக்கு மட்டும் தெரியட்டும்.

எ) ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல் நிறமாலைப் படத்தையும், எந்த அமைப்பில் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சேமியுங்கள். பின்னால் தகராறு வந்தால் பேசப்போவது படம்தான்.

5. ஒரு கணக்கு

மேலே சொன்னது வெறும் எச்சரிக்கையா, உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சரியான கெயினில் ஈயத்தின் முகடு 527-ஆம் சேனலுக்கு அருகில் வரும். கெயினைப் பதியவில்லை, மின்சாரம் போய் வந்தது, கருவி 5 சதவீதம் குறைந்த கெயினை எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். முகடு 501-ஆம் சேனலுக்கு நகரும். 501-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 10.02 கிலோ. பாதரசத்தின் இடம் 9.99. ஆக, லெட் குரோமேட் தூவிய மூட்டையை வைத்தால் ஈயம் இல்லை என்றும், இல்லாத பாதரசம் இருப்பதாகவும் கருவி சொல்லும். நஞ்சு கலந்த சரக்கு ‘ஈயம் இல்லை’ என்ற சீட்டோடு கடைக்கு வரும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சில சரக்குகளுக்குப் பூச்சி வராமல் மெதில் புரோமைடு புகை போடுவதுண்டு. அதனால் சிறிதளவு புரோமின் சரக்கில் தங்கலாம். புரோமினின் இடம் 11.92 கிலோ. கெயின் பதினொன்றரை சதவீதம் குறைந்தால் 11.92 என்பது 10.55 ஆகிவிடும். அதாவது ஈயத்தின் இடம். ஒரு குற்றமும் செய்யாத வியாபாரியின் மூட்டை ஈயம் கலந்ததாகத் தெரியும்.

இன்றைய கைக்கருவிகள் பலவும் இயங்கத் தொடங்கும்போது உள்ளே வைத்த உலோகத் துண்டைப் பார்த்துத் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்கின்றன. அவசரத்தில் அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிப் போகக்கூடாது. குளிர்சாதன அறையிலிருந்து மே மாத வெயிலில் கொதிக்கும் குடோனுக்குக் கருவியைக் கொண்டுபோனால் வெப்ப மாற்றத்தாலும் கெயின் நகரும். இடம் மாறினால் அரை மணி நேரம் பொறுத்து மறுபடி சரிபார்ப்பதே முறை. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றும் ஈரமும் மின் இணைப்புகளை அரிக்கும். வேலை முடிந்ததும் கருவி உலர்ந்த பெட்டிக்குள் போக வேண்டும்.

6. சோதனை நாளில் வணிகர் கவனிக்க வேண்டியவை

யாராவது கருவியோடு வந்து நம் சரக்கைச் சோதித்தால், அல்லது நாமே ஒரு கூடத்துக்கு எடுத்துப்போனால், மரியாதையாகச் சில கேள்விகளைக் கேட்கலாம்.

எந்த அமைப்பில் சோதிக்கிறீர்கள்? உலோகத்துக்கும் மண்ணுக்கும் பதிந்த அமைப்பில் மஞ்சள் தூளை அளந்தால் எண் பொருந்தாது.

ஒப்பீட்டு மாதிரியை முதலிலும் கடைசியிலும் வைத்துக் காட்டுவீர்களா? தராசு மேல் ஐயம் வந்தால் படிக்கல்லை வைக்கச் சொல்வதுபோல்தான் இது.

ஈயத்தின் இரண்டாவது முகடும் தெரிகிறதா? ஆர்சனிக் என்னும் பாஷாணத்தின் முகடு 10.54-இல் வரும், ஈயத்தின் 10.55-ஓடு ஒட்டிக்கொள்ளும். முதல் முகட்டை மட்டும் பார்த்து ஈயம் என்று சொல்ல முடியாது. 12.61-இலும் முகடு இருந்தால்தான் அது ஈயம்.

குரோமியம் எவ்வளவு? லெட் குரோமேட்டில் ஈயத்தின் எடை குரோமியத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஈயம் 80 என்றால் குரோமியம் 20 அளவில் இருக்கும். அந்த விகிதம் தெரிந்தால் அது சாயப் பொடி. ஈயம் மட்டும் தனியாக இருந்தால் மண், இயந்திரம் என்று வேறு வழியையும் ஆராய வேண்டும்.

சரக்கை எப்படி வைத்தீர்கள்? அலுமினியம் பூசிய பாக்கெட்டோடு அளந்தால் எண் கெடும். தூளை உலர்த்தி, நன்றாகக் கலந்து, மெல்லிய படலம் ஒட்டிய கிண்ணத்தில் போதிய கனத்துக்கு அழுத்தி வைக்க வேண்டும். மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தாவது எடுக்க வேண்டும்.

கருவியின் முனையை ஒருபோதும் ஆள் பக்கம் திருப்பக்கூடாது. மாதிரியைக் கையில் பிடித்தபடி அளக்கவும் கூடாது. இது கதிர்க் கருவி. பயிற்சி பெற்றவர் மட்டுமே இயக்க வேண்டும்.

7. சட்டம் தரும் பாதுகாப்பு

கைக்கருவியின் எண் முதல் தகவல்தான். சட்டப்படி மாதிரி எடுத்தால் முடிவு சொல்வது உணவுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி, அதிகாரி எடுக்கும் மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பும்படி வணிகர் கேட்கலாம். நம்மில் பலர் அறியாத உரிமை இது. பகுப்பாய்வாளரின் அறிக்கையை ஏற்காவிட்டால், அது கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

26-ஆவது பிரிவு, நமக்கு விற்றவர் தரும் பில்லையே சரக்கின் தரத்துக்கான உத்தரவாதமாகக் கொள்கிறது. ஆகவே பில் இல்லாத மஞ்சளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். தூளாக்கிய மசாலாப் பொருட்களைப் பொதி செய்து மட்டுமே விற்க வேண்டும் என்பதும் விதி. மூட்டையிலிருந்து அள்ளித் தூள் விற்பவர் சோதனை வருமுன்பே குற்றவாளி ஆகிறார்.

8. கூட்டாக வாங்க நினைத்தால்

ஒரு கைக்கருவியின் விலை பல லட்சம். தனிக் கடைக்காரருக்கு அது தேவையில்லை. சில சங்கங்கள் சேர்ந்து வாங்கினால், கொத்தவால் சாவடிப் பகுதியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வரும் சரக்கை இறக்கும் முன்பே பார்த்துவிடலாம். அப்படி வாங்குவோர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளை முதலில் கேட்டறிய வேண்டும். கருவியோடு ஒப்பீட்டு மாதிரிகளையும் சேர்த்தே விலை பேச வேண்டும். படிக்கல் இல்லாத தராசை எவரும் வாங்குவதில்லை. அமைப்பு மாற்றப் புத்தகம் ஒன்று கருவியோடு எப்போதும் இருக்க வேண்டும். தேதி, மாற்றியது என்ன, மாற்றியவர் யார், ஒப்பீட்டு மாதிரி காட்டிய எண் எவ்வளவு என்ற நான்கு பத்திகள் போதும்.

கருவி இல்லாதவர் செய்யக்கூடிய சிறு சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முழு மஞ்சள் கிழங்கைப் போடுங்கள். போட்ட உடனே பளிச்சென்று மஞ்சள் நிறம் கழன்று இறங்கினால் மேலே சாயம் பூசியிருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். அந்தச் சரக்கை விற்காமல் ஆய்வுக்கு அனுப்புங்கள்.

கற்றதைச் சரிபார்க்க நான்கு கேள்விகள்

கேள்வி: நேற்றுச் சரியாக இருந்த கருவி இன்று எல்லா மூட்டையிலும் பாதரசம் காட்டுகிறது. முதலில் பார்க்க வேண்டியது எது?
விடை: கெயின். பதிந்த அமைப்பை மறுபடி அழைத்து ஒப்பீட்டு மாதிரியை வைக்க வேண்டும்.

கேள்வி: 30 வினாடியில் ஈயம் 9 என்று வந்தது. சரக்கை விடலாமா?
விடை: கூடாது. வரம்பை ஒட்டியது. 120 வினாடி உயிர் நேரம் எண்ணி, ஆய்வுக் கூடத்துக்கும் அனுப்ப வேண்டும்.

கேள்வி: புதிய அமைப்பு பதிவாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?
விடை: அணைத்து, இயக்கி, அழைத்து, ஒப்பீட்டு மாதிரியில் பழைய எண் வருகிறதா என்று பார்த்து.

கேள்வி: ஈயம் 60, குரோமியம் 15. இது எதைக் காட்டுகிறது?
விடை: நான்குக்கு ஒன்று என்ற விகிதம். சாயப் பொடி கலந்திருப்பதற்கு வலுவான அடையாளம். மூட்டையைத் தனியே வைத்து, பில்லோடு விற்றவருக்கும் அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும்.

படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற வழக்கம் நம் தொழிலில் தொன்று தொட்டு உண்டு. எக்ஸ்ரே கருவிக்கும் அதே கண்ணைப் பயன்படுத்தினால் போதும். அமைப்பு எது, பதிந்தது எப்போது, ஒப்பீட்டு மாதிரி என்ன சொன்னது என்று மூன்றையும் கேட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள். நம் கடையில் வாங்கிய மஞ்சளைத்தான் பக்கத்துத் தெருக் குழந்தை பாலில் குடிக்கிறது.